நாபாவைத் தாண்டி: அமெரிக்காவின் அதிகம் அறியப்படாத ஒயின் பகுதிகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

அமெரிக்க அரசு முதன்முதலாக எல்லை வகுத்து அங்கீகரித்த ஒயின் பகுதி கலிபோர்னியாவில் இல்லை. 1980 ஜூனில் மிசௌரி மாநிலத்தின் அகஸ்டாவுக்கே அந்த முதல் அங்கீகாரம் போனது. கலிபோர்னியாவின் புகழ்பெற்ற நாபா பள்ளத்தாக்குக்கு அடுத்த ஆண்டுதான் கிடைத்தது. இன்று இத்தகைய பகுதிகள் 270க்கும் மேல். பாதிக்கும் அதிகமானவை கலிபோர்னியாவில் இருக்கின்றன, நாட்டின் ஒயினில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கும் அங்கிருந்தே வருகிறது. கடை அலமாரியும் அதைத்தான் காட்டும். நியூயார்க்கின் ஏரிக்கரைகள், வர்ஜீனியாவின் மலையடிவாரம், டெக்சாஸின் மேட்டுநிலம், அரிசோனாவின் உயர்ந்த புல்வெளிகள், மிச்சிகனின் தீபகற்பங்கள் ஆகியவற்றின் ஒயின்கள் பெரும்பாலும் சொந்த மாநிலத்தைத் தாண்டுவதே இல்லை. நல்லவை பல தோட்டத்து வாசலிலேயே விற்றுத் தீர்ந்துவிடுகின்றன. ஆகவே தேடிப் போக வேண்டும். போவதற்கு முன் தயாராகவும் வேண்டும்.

ஒயின் பற்றி அடிப்படை மட்டும் தெரிந்த, அமெரிக்காவில் வசிக்கிற அல்லது அங்கே பயணம் போகிற ஆர்வலர்களுக்கு இது. 21 வயது நிறையாதவர்களுக்கு அங்கே எந்த ஒயினரியும் ஊற்றித் தராது.

முதல் படி: ஒரே ஒரு பகுதி, அதன் ஒரே ஒரு எதிரி

ஆர்வத்தில் பலரும் செய்வது, ஒரே ஆண்டில் ஐந்து மாநிலங்களைத் தொட்டுவிட்டு வருவது. கையில் படங்கள் மிஞ்சும், நாக்கில் ஒன்றும் நிற்காது. ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு குறைந்தது ஓராண்டு அதோடு இருங்கள். எதை எடுப்பது? காரில் நான்கைந்து மணி நேரத்துக்குள் போய்ச் சேரக்கூடியதை எடுங்கள். இரண்டாம் முறை போக முடிகிற இடம்தான் கற்றுத் தரும்.

எடுத்த பிறகு கேட்க வேண்டிய முதல் கேள்வி: அங்கே திராட்சைக் கொடி எதோடு போராடுகிறது? நாபாவில் வானிலை பெரும்பாலும் கொடிக்குத் துணை நிற்கிறது. மற்ற இடங்களில் அப்படியில்லை. எந்த ரகம் நடப்படுகிறது, ஒயின் ஏன் புளிப்பாக அல்லது கனமாக இருக்கிறது, எந்த ஆண்டுச் சீசாவை வாங்கலாம் என்பதெல்லாம் அந்தப் போராட்டத்திலிருந்தே வருகின்றன. முக்கியமான சில பகுதிகளை இந்தக் கண்ணோடு பார்ப்போம்.

நியூயார்க்கின் ஃபிங்கர் லேக்ஸ். எதிரி, கடுங்குளிர். ஐரோப்பிய ரகக் கொடிகளின் மொட்டுகள் ஏறக்குறைய மைனஸ் 20 டிகிரி செல்சியஸை நெருங்கும்போதே கருகத் தொடங்கும். காப்பாற்றுவது ஏரி. செனெகா ஏரி 188 மீட்டர் ஆழம். அவ்வளவு நீர் எளிதில் உறையாது. குளிர்காலத்தில் கரையை வெதுவெதுப்பாக வைக்கும். வசந்தத்தில் ஏரி இன்னும் குளிர்ந்தே கிடப்பதால் மொட்டு விரிவது தள்ளிப்போகும், அதனால் தாமதமாக விழும் உறைபனியில் மாட்டுவது குறையும். ஆனாலும் முழுக்காப்பு இல்லை: 2023 மே நடுவில் விழுந்த உறைபனி, ஏரியிலிருந்து விலகி உயரத்தில் இருந்த தோட்டங்களைக் கடுமையாகத் தாக்கியது. இங்கே ஐரோப்பிய ரகம் பிழைக்காது என்றே நெடுங்காலம் நம்பினார்கள். உக்ரைனிலிருந்து குடியேறிய டாக்டர் கான்ஸ்டன்டின் ஃபிராங்க், சரியான வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டினால் பிழைக்கும் என்று வாதாடி, 1962இல் கியூகா ஏரிக்கரையில் தன் ஒயினரியைத் தொடங்கி நிரூபித்தார். வெள்ளையில் ரீஸ்லிங், சிவப்பில் கேபர்னே ஃபிராங்க், இந்த இரண்டு ரகங்களும் இந்தப் பகுதியின் முகங்கள். அமெரிக்க ரீஸ்லிங்கை எங்கே தொடங்கிப் படிப்பது என்றால் தயங்காமல் இங்கேதான்.

வர்ஜீனியா, குறிப்பாக சார்லட்ஸ்வில்லைச் சுற்றிய மான்டிசெல்லோ பகுதி. இங்கே எதிரி ஈரப்பதம். கோடை மழையும் புழுக்கமும் அடிச்சாம்பல் நோயையும் குலை அழுகலையும் கொண்டுவரும். தாமஸ் ஜெஃபர்சன் ஐரோப்பியக் கொடிகளை இங்கே வளர்க்க முயன்று தோற்றார். வேரைத் தின்னும் ஃபிலாக்சரா பூச்சியையும் பூஞ்சை நோய்களையும் பற்றி அப்போது யாருக்கும் தெரியாது. இப்போது நன்றாக வருபவை காரணத்தோடு தேர்ந்த ரகங்கள். பெட்டி மான்செங் தோல் தடித்தது, குலை நெருக்கமில்லாதது. காற்று உள்ளே புகுந்து உலர்த்திவிடும். பெட்டி வெர்டோவும் மழையைத் தாங்கும். இத்தாலியின் ஸோனின் குடும்பம் 1976இல் தொடங்கிய பார்பர்ஸ்வில், இன்றைய வர்ஜீனியா ஒயினின் தொடக்கப்புள்ளிகளில் ஒன்று. ஆண்டைப் பார்த்து வாங்க வேண்டிய மாநிலம் இது: 2018 மிக அதிக மழை, 2019 நல்ல வெயில். ஒரே ஒயினரியின் இந்த இரண்டு ஆண்டுச் சிவப்பு ஒயின்களையும் அடுத்தடுத்துக் குடித்துப் பார்த்தால், வானிலை ஒயினை என்ன செய்யும் என்பது ஒரே மாலையில் புரியும்.

டெக்சாஸ். சுற்றுலாக் கூட்டம் போவது ஹில் கன்ட்ரியின் ஃப்ரெடரிக்ஸ்பர்க் நகருக்கும் 290ஆம் நெடுஞ்சாலைக்கும். ஆனால் மாநிலத்தின் திராட்சையில் மிகப் பெரும்பகுதி விளைவது அங்கிருந்து ஏறக்குறைய 500 கிலோமீட்டர் வடமேற்கே, லபக் நகரைச் சுற்றிய ஹை ப்ளெயின்ஸ் மேட்டுநிலத்தில். 900 முதல் 1,200 மீட்டர் உயரம் இருப்பதால் இரவில் குளிர்கிறது. அதன் எதிரிகள் ஆலங்கட்டி மழையும் வசந்தகால உறைபனியும். தெம்ப்ரனியோ, முர்வெத்ர, தன்னாட், வியோன்யே ஆகியவற்றைத் தேடுங்கள். மெக்சிகோ வளைகுடாக் கரையோரம் வேறு கதை: அங்கே பியர்ஸ் நோய் என்ற பாக்டீரியா நோய் ஐரோப்பியக் கொடிகளைக் கொன்றுவிடும். அதனால் ஃபுளோரிடா பல்கலைக்கழகம் 1987இல் வெளியிட்ட பிளாங் டு புவா என்ற கலப்பினத்தை நடுகிறார்கள்.

அரிசோனா. பாலைவனத்தில் ஒயினா என்று தோன்றும். ஆனால் சொனோய்ட்டாவும் வில்காக்ஸும் 1,200 மீட்டருக்கு மேல் உள்ளவை; பகலில் எரிக்கும், இரவில் போர்வை தேடவைக்கும். இங்கே இடைஞ்சல் ஜூலை முதல் செப்டம்பர் வரை வரும் பருவமழை. அறுவடைக்குக் காத்திருக்கும் குலைகள் மேல் சரியாக அப்போதுதான் கொட்டும். மல்வாசியா பியாங்கா என்ற வெள்ளை ரகம் இங்கே அழகாக மணக்கிறது.

மிச்சிகனின் ஓல்ட் மிஷன், லீலனா தீபகற்பங்கள் ட்ராவர்ஸ் சிட்டியை ஒட்டியவை. மிச்சிகன் ஏரி கொட்டும் பனியே கொடிகளின் மேல் கம்பளம் போல் கிடந்து காக்கிறது. ரீஸ்லிங், பினோ பிளாங்க், நுரை ஒயின் மூன்றும் சிறப்பு. நியூ மெக்சிகோவில் ஸ்பானியப் பாதிரியார்கள் 1629இலேயே கொடி நட்டார்கள், கலிபோர்னியாவுக்கு நூறாண்டுக்கும் முன்பு. பிரான்சின் ஷாம்பேன் பகுதியிலிருந்து வந்த கிரூவே குடும்பம் 1980களில் அங்கே தொடங்கிய நுரை ஒயின் இன்று நாடெங்கும் கிடைக்கிறது, விலையும் குறைவு. நேரில் போக முடியாதவர்கள் தொடங்குவதற்கு அதைவிட எளிய சீசா இல்லை.

மிசௌரியைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. அதை ருசிக்க நாக்கைக் கொஞ்சம் பழக்க வேண்டும்.

அமெரிக்க மண்ணின் சொந்த ரகங்கள்

மேலே சொன்ன ரகங்களில் பெரும்பாலானவை விட்டிஸ் வினிஃபெரா என்ற ஐரோப்பிய இனம். அமெரிக்காவுக்குச் சொந்தக் கொடிகளும் உண்டு: லப்ருஸ்கா, ஈஸ்டிவாலிஸ், தெற்கு மாநிலங்களின் மஸ்கடைன். கான்கார்ட், கடாபா, நயாகரா போன்றவை லப்ருஸ்கா வழி வந்தவை. திராட்சை ஜெல்லியைத் திறந்ததும் அடிக்கிற தித்திப்பான வாசனை இவற்றின் அடையாளம். மெத்தில் ஆந்த்ரனிலேட் என்ற சேர்மம்தான் அதற்கு முக்கியக் காரணம். அமெரிக்கர்கள் இதை ‘ஃபாக்ஸி’ என்பார்கள்.

தமிழ்நாட்டில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. பெங்களூர் புளூ என்று விற்கும் கருநீலத் திராட்சை, இசபெல்லா என்ற இதே அமெரிக்கக் குடும்பத்து ரகம்தான். தோல் வழுக்கிக்கொண்டு தனியே வருவதும், சதை உருண்டையாக நழுவுவதும், அந்த மணமும் அங்கிருந்தே வந்தவை. அதேபோல் கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை, மஸ்கட் ஹாம்பர்க் என்ற ஐரோப்பிய ரகம். இந்த இரண்டு மணங்களையும் நினைவில் வைத்திருப்பவருக்கு நல்ல அளவுகோல் கையில் இருக்கிறது. ஃபிங்கர் லேக்ஸில் டிராமினெட் என்று ஒரு சீசாவைத் திறந்தால் பன்னீர்ப் பக்கத்து மணமும், கடாபாவைத் திறந்தால் பெங்களூர் புளூவும் தெரியும். இரண்டும் குறையல்ல, ரகத்தின் இயல்பு.

நார்ட்டன் தனி வகை. ரிச்மண்டில் டாக்டர் டேனியல் நார்ட்டன் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வளர்த்தெடுத்த ரகம். பின்னர் மிசௌரியின் ஜெர்மானியக் குடியேறிகள் அதைத் தங்கள் பயிராக்கிக்கொண்டார்கள். இன்று மிசௌரியின் அதிகாரபூர்வ மாநிலத் திராட்சை. கிட்டத்தட்டக் கறுப்பு நிறம், கூர்மையான புளிப்பு. லப்ருஸ்காவின் ஜெல்லி மணம் இதில் கிடையாது. இளம் நார்ட்டனைத் திறந்த உடனே குடித்தால் பற்கள் கூசும். அகன்ற பாத்திரத்தில் ஊற்றி ஒரு மணி நேரம் வைத்து, மாட்டிறைச்சி அல்லது பன்றி இறைச்சியோடு குடியுங்கள். ஹெர்மன் நகரத்தின் ஸ்டோன் ஹில் ஒயினரி 1847இல் தொடங்கியது. மதுவிலக்குக் காலத்தில் அதன் நிலவறைகளில் காளான் வளர்த்தார்கள். 1965இல் ஒரு விவசாயக் குடும்பம் அதை மீட்டெடுத்து மறுபடி ஒயின் செய்யத் தொடங்கியது. மதுவிலக்கு ஒரு பகுதியின் தொழிலை எப்படி வேரோடு அறுத்தது என்பதைப் பார்க்க அந்த ஊருக்குப் போகலாம்.

இன்னும் வடக்கே, வெர்மான்ட், மினசோட்டா போன்ற இடங்களில் மினசோட்டா பல்கலைக்கழகத்தின் குளிர் தாங்கும் கலப்பினங்கள்தான் ஆதாரம்: சிவப்புக்கு மார்கெட், வெள்ளைக்கு லா கிரெசென்ட். இவற்றைப் பெயர் கேட்டதும் ஒதுக்குபவர்கள் நல்ல ஒயினை இழக்கிறார்கள்.

இரண்டாம் படி: அரசு ஆவணத்தைப் படியுங்கள்

இது பலரும் தவறவிடும் இலவசப் புதையல். ஒவ்வொரு அங்கீகரிக்கப்பட்ட பகுதிக்கும், ஏ.வி.ஏ. என்பது அதன் சுருக்கப்பெயர், யாரோ விண்ணப்பித்து, அதன் மண், உயரம், மழை, வெப்பம் சுற்றுவட்டாரத்திலிருந்து எப்படி வேறுபடுகிறது என்று எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். இதைக் கவனிக்கும் துறை, கருவூலத் துறையின் கீழுள்ள டி.டி.பி. அதன் இணையதளத்தில் ‘ஏ.வி.ஏ. மேப் எக்ஸ்ப்ளோரர்’ என்ற வரைபடம் இருக்கிறது. பகுதியைத் தொட்டால் எல்லை தெரியும். அங்கீகார விதிக்கான இணைப்பும் இருக்கும். அந்த அறிவிப்புகளில் மண், வானிலை பற்றிய பத்திகளை மட்டும் படித்தால் போதும், அரை மணி நேரம் ஆகும். பக்கத்துப் பகுதியோடு ஒப்பிட்டு எழுதப்பட்டிருப்பதால் விளம்பரப் பேச்சைவிடப் பயனுள்ளது.

ஒன்றை மனத்தில் வையுங்கள். ஏ.வி.ஏ. தருவது எல்லையை மட்டுமே. எந்த ரகம் நட வேண்டும், எவ்வளவு விளைவிக்கலாம் என்று பிரெஞ்சு முறை போல அது சொல்வதில்லை. பெயர் இருப்பதால் தரம் இருக்கும் என்று நம்ப வேண்டாம்.

மூன்றாம் படி: லேபிளைப் படிப்பது

சிறு பகுதிகளில் ஏமாற்றம் பெரும்பாலும் இங்கேதான் வருகிறது. உள்ளூர் ஒயின் என்று வாங்கியது கலிபோர்னியாத் திராட்சையாக இருக்கும். அதில் சட்டவிரோதமும் இருக்காது, லேபிளில் எழுதியும் இருக்கும். படிக்கத் தெரிந்தால் போதும்.

மாநிலம் அல்லது அதன் உட்பிரிவான கவுன்ட்டியின் பெயர் இருந்தால் குறைந்தது 75 சதவீதத் திராட்சை அங்கே விளைந்தது. ஏ.வி.ஏ. பெயர் இருந்தால் 85 சதவீதம். ரகத்தின் பெயர் இருந்தால் 75 சதவீதம் அந்த ரகம். கான்கார்ட் போன்ற லப்ருஸ்கா ரகங்களுக்கு மட்டும் 51 போதும். அறுவடை ஆண்டுக்கு, ஏ.வி.ஏ. பெயரோடு வந்தால் 95 சதவீதம், மாநில அல்லது கவுன்ட்டிப் பெயரோடு வந்தால் 85. இவை மத்திய அரசின் குறைந்தபட்சம், மாநிலங்கள் கடுமையாக்கலாம். ஓரிகன் பெரும்பாலான ரகங்களுக்கு 90 சதவீதம் கேட்கிறது. டெக்சாஸ் 2021இல் இயற்றிய சட்டத்தின்படி, அந்த மாநிலத்தின் கவுன்ட்டி, ஏ.வி.ஏ. அல்லது தோட்டப் பெயரைப் போட்டால் திராட்சை முழுவதும் டெக்சாஸில் விளைந்திருக்க வேண்டும். வெறுமனே ‘டெக்சாஸ்’ என்றிருந்தால் பழைய 75தான். ஆகவே அங்கே ‘டெக்சாஸ் ஹை ப்ளெயின்ஸ்’ என்ற சொற்களைத் தேடுங்கள்.

‘அமெரிக்கன்’ என்று மட்டும் இருந்தால் திராட்சை எந்த மாநிலத்திலிருந்தும் வந்திருக்கலாம். பல சமயம் அது லாரியில் வந்த மேற்குக்கரைத் திராட்சை. ஆனால் நேர்மையான காரணமும் இருக்கலாம்: ஏ.வி.ஏ. பெயரைப் போட, ஒயின் அந்தப் பகுதி இருக்கும் மாநிலத்திலேயே செய்து முடிக்கப்பட வேண்டும். தொலைவிலுள்ள மாநிலத்துக்குக் கொண்டுபோய்ச் செய்தால், திராட்சை எவ்வளவு நல்ல தோட்டத்திலிருந்து வந்தாலும் அந்தப் பெயர் கிடையாது. கேட்டால் சொல்லிவிடுவார்கள். சொல்லத் தயங்கினால் அதுவும் பதில்தான்.

அடுத்து, சின்ன எழுத்து. ‘எஸ்டேட் பாட்டில்ட்’ என்றால் திராட்சை முழுவதும் அந்த ஒயினரி வைத்திருக்கும் அல்லது அதன் கட்டுப்பாட்டில் உள்ள நிலத்தில் விளைந்து, அங்கேயே ஒயினாகி, சீசாவில் அடைக்கப்பட்டது. நிலமும் ஒயினரியும் ஒரே ஏ.வி.ஏ.வுக்குள் இருக்கும். ‘ப்ரொட்யூஸ்ட் அண்ட் பாட்டில்ட் பை’ என்றால் குறைந்தது 75 சதவீதத்தை அவர்களே நொதிக்க வைத்தார்கள். ‘செல்லர்ட்’, ‘விண்டட்’ என்ற சொற்கள் அப்படி எதையும் உறுதி செய்வதில்லை. மொத்தமாக வாங்கிய ஒயினாக இருக்கலாம். ஒரு மாநிலப் பெயரோடு ‘ஃபார் சேல் இன் … ஒன்லி’ என்றிருந்தால், மாநிலத்துக்குள் மட்டும் விற்பதற்காக மத்திய லேபிள் ஒப்புதலிலிருந்து விலக்குப் பெற்றது. அந்தச் சீசாவைப் பற்றிக் கூடுதலாக ஒரு கேள்வி கேளுங்கள்.

ரீஸ்லிங்குக்கு மட்டும் தனிக் குறிப்பு. பின் லேபிளில் ‘ட்ரை’யிலிருந்து ‘ஸ்வீட்’ வரை ஓடும் அளவுக்கோடு ஒன்று பல சீசாக்களில் இருக்கும். சர்க்கரையையும் புளிப்பையும் ஒப்பிட்டு அதைக் குறிக்கிறார்கள்: ஒரு லிட்டரில் 7 கிராம் சர்க்கரையும் 8 கிராம் அமிலமும் இருந்தால் விகிதம் ஒன்றுக்குக் கீழே, நாக்குக்கு இனிப்புத் தெரியாது. அந்தக் கோடு இல்லாவிட்டால் ஆல்கஹால் அளவைப் பாருங்கள். 8, 9 சதவீதம் என்றால் சர்க்கரை மிஞ்சியிருக்கிறது. 12ஐ ஒட்டி இருந்தால் பெரும்பாலும் இனிப்பில்லாதது.

நான்காம் படி: போவதற்கு முன் வீட்டில் ஒரு பயிற்சி

ஒரே ரகம், மூன்று சீசா, ஆறு பேர். ஒரு சீசாவுக்கு 20 முதல் 30 டாலர் ஒதுக்குங்கள். ரீஸ்லிங் என்றால் செனெகா ஏரியிலிருந்து ஒன்று, மிச்சிகனிலிருந்து ஒன்று, ஒப்பிட்டுப் பார்க்க ஜெர்மனியின் மோசல் அல்லது பிரான்சின் அல்சாஸிலிருந்து ஒன்று, மூன்றும் இனிப்பில்லாதவை. கேபர்னே ஃபிராங்க் என்றால் வர்ஜீனியா, ஃபிங்கர் லேக்ஸ், பிரான்சின் ஷினோன். அந்த மூன்றாவது சீசாவை விட்டுவிடாதீர்கள். உலகம் ஒப்புக்கொண்ட ஓர் அளவுகோல் இல்லாமல் உள்ளூர் ஒயினைப் பாராட்டுவதும் திட்டுவதும் ஊகமாகிவிடும்.

சீசாக்களைக் காகிதப் பையில் சுற்றி எண் போடுங்கள். ஒரு கிளாஸுக்கு 60 மில்லி ஊற்றுங்கள். ஆறு பேருக்கு ஊற்றியும் பாதிச் சீசா மிஞ்சும். வெள்ளை ஒயினை ஃபிரிட்ஜிலிருந்து 15 நிமிடம் முன்பே வெளியே எடுங்கள். 8 முதல் 10 டிகிரி செல்சியஸ், அதாவது 46 முதல் 50 ஃபாரன்ஹீட், போதும். அதைவிடக் குளிர்ந்தால் மணம் அடங்கிப்போகும், ஒயினின் குறைகளும் ஒளிந்துகொள்ளும். சிவப்பை மாறாக 20 நிமிடம் ஃபிரிட்ஜில் வையுங்கள். அறை வெப்பத்தில் ஆல்கஹால்தான் முதலில் மூக்கில் ஏறும்.

அன்று அந்த அறையில் தாளிப்பு, ஊதுபத்தி, மல்லிகை, வாசனைத் திரவியம் எதுவும் வேண்டாம். ஒரு மணி நேரத்துக்கு முன்பிருந்தே காபியும் வேண்டாம். இவற்றை அலட்சியம் செய்தால் எல்லா ஒயினும் ஒரே மாதிரி இருக்கும், குறை ஒயினில் இருக்காது.

குறிப்பு எழுத ஐந்தே வரி: மணம், புளிப்பு, இனிப்பு, துவர்ப்பு, விழுங்கிய பின் எவ்வளவு நேரம் சுவை நிற்கிறது. மணத்துக்கு உங்களுக்குத் தெரிந்த சொற்களையே எழுதுங்கள். கூஸ்பெர்ரி என்று யாரோ எழுதியதை நகலெடுப்பதைவிட, நாரத்தங்காய், கொய்யா, பச்சைக் குடைமிளகாய், ஈர மண் என்று நீங்கள் எழுதுவது அடுத்த ஆண்டு திரும்பப் படிக்கும்போது உதவும். எல்லாம் எழுதி முடித்த பிறகே பையைக் கழற்றுங்கள். மிஞ்சியதைச் சாப்பாட்டோடு பாருங்கள்: லேசான இனிப்புள்ள ரீஸ்லிங் மிளகுக் காரத்தைத் தணிக்கும், ஆல்கஹால் மிகுந்த, துவர்ப்பான சிவப்பு அதே காரத்தை எரிச்சலாக்கிவிடும்.

ஐந்தாம் படி: பயணத் திட்டம், ஃபிங்கர் லேக்ஸை வைத்து

நியூயார்க் நகரிலிருந்து காரில் ஏறக்குறைய ஐந்து மணி நேரம். ஏரிகள் வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கின்றன, நடுவே பாலம் கிடையாது. செனெகா மட்டுமே 60 கிலோமீட்டர் நீளம். மேற்குக் கரையில் 14ஆம் எண் சாலை, கிழக்குக் கரையில் 414. எதிர்க்கரை கண்ணெதிரே தெரியும், போக ஒரு மணி நேரம் ஆகலாம், ஏரியின் முனையைச் சுற்ற வேண்டும். புதிதாகப் போகிறவர்கள் இரண்டு கரையையும் ஒரே நாளில் வைத்துத் திட்டமிட்டு, பகலில் பாதியைச் சாலையில் தொலைக்கிறார்கள். ஒரு நாள், ஒரு கரை.

இரண்டு நாளுக்கு இப்படிப் பிரிக்கலாம். முதல் நாள் ஜெனீவா நகரில் தங்கி, மேற்குக் கரையில் மூன்று ஒயினரிகள், ரீஸ்லிங்கை மட்டும் பின்தொடர்ந்து. இரண்டாம் நாள் கிழக்குக் கரையின் தென்பாதி. உள்ளூர்க்காரர்கள் அதை ‘பனானா பெல்ட்’ என்பார்கள். சற்று வெப்பம் கூடுதல் என்பதால் கேபர்னே ஃபிராங்க் நன்றாகப் பழுக்கும். மூன்றாம் நாள் கிடைத்தால் கியூகா ஏரியின் ஹாமண்ட்ஸ்போர்ட்.

நாளுக்கு மூன்றுக்கு மேல் வேண்டாம் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. ஒரு இடத்தில் ஆறு ஒயின், ஒவ்வொன்றும் 45 மில்லி என்றால் 270 மில்லி. அமெரிக்கக் கணக்கில் 12 சதவீத ஒயின் 150 மில்லி ஒரு பானம். ஆகவே ஒரு ஒயினரிக்கு ஏறக்குறைய இரண்டு, மூன்று இடத்துக்கு ஐந்துக்கும் மேல். அதோடு யாரும் காரோட்டக் கூடாது. இரத்த ஆல்கஹால் வரம்பு பெரும்பாலான மாநிலங்களில் 0.08, யூட்டாவில் 0.05; அந்த வரம்பை எட்டும் முன்பே கவனம் சிதறும். ஒருவர் குடிக்காமல் ஓட்ட வேண்டும், அல்லது வண்டி அமர்த்த வேண்டும். துப்புவதற்கு மேசையில் பாத்திரம் இருக்கும், இல்லாவிட்டால் காகிதக் கப் கேளுங்கள். துப்புவது யாரையும் அவமதிப்பதல்ல. கற்க வந்தவர் என்பதன் அடையாளம் அது, பல இடங்களில் அதைப் பார்த்த பிறகே பட்டியலில் இல்லாத சீசா வெளியே வரும்.

எப்போது போவது? மே, ஜூன், அல்லது செப்டம்பர் வார நாள்கள். அக்டோபர் சனிக்கிழமையில் இலை நிறம் மாறுவதைப் பார்க்க வரும் கூட்டத்தில் பேசக்கூட முடியாது. டெக்சாஸுக்கு நவம்பர், அரிசோனாவுக்கு ஏப்ரல், மே. பல சிறு ஒயினரிகள் வாரத்தில் மூன்று நான்கு நாள்கள்தான் திறக்கின்றன, குளிர்காலத்தில் இன்னும் குறைவு, முன்பதிவு செய்துவிடுங்கள். அடையாள அட்டை கட்டாயம், இந்தியாவிலிருந்து போனவர்கள் பாஸ்போர்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். தோட்ட வரிசைகளுக்குள் கேட்காமல் நுழையாதீர்கள். மருந்து தெளித்திருக்கலாம், செருப்பில் ஒட்டிய மண் நோயைக் கடத்தவும் கூடும். பென்சில்வேனியா, நியூயார்க், வர்ஜீனியா வழியாகப் போனால், கொடிகளின் சாற்றை உறிஞ்சும் ஸ்பாட்டட் லேன்டர்ன்ஃபிளை பூச்சியும் அதன் முட்டைத் திட்டும் காரில் ஒட்டியிருக்கிறதா என்று திரும்பும் முன் பாருங்கள்.

ஆறாம் படி: மேசையில்

இனிப்பில்லாத வெள்ளையில் தொடங்கி, சிவப்பு, பிறகு இனிப்பு. பரிமாறுபவரிடம் இந்தப் பகுதியில் ஒரே ரகத்தைப் படிக்க வந்திருப்பதாகச் சொல்லிவிடுங்கள். பட்டியலை அதற்கேற்ப மாற்றித் தருவார்கள். பிறகு மூன்று கேள்விகள். இந்தத் திராட்சை எந்தத் தோட்டத்தில் விளைந்தது? இங்கே எந்த ஆண்டு மிக மோசம், அப்போது என்ன செய்தீர்கள்? எந்த ரகத்தைப் பிடுங்கிப் போட்டீர்கள், ஏன்? கடைசிக் கேள்விதான் பொன். நட்டதைப் பற்றி விளம்பரம் பேசும், பிடுங்கியதைப் பற்றி அனுபவம் மட்டுமே பேசும்.

தோட்டத்தைப் பார்க்கவும் கற்றுக்கொள்ளுங்கள். ஃபிங்கர் லேக்ஸில் ஒரு வேரிலிருந்து இரண்டு மூன்று தண்டுகள் எழுவது தெரியும். ஒன்று குளிரில் செத்தால் இன்னொன்று காய்க்கட்டும் என்பதற்காக. இலையுதிர் காலத்தின் முடிவில் ஒட்டுக்கட்டிய இடத்தை மண் அணைத்து மூடுவார்கள். மேலே எல்லாம் கருகினாலும் அங்கிருந்து மறுபடி தளிர்க்கும்.

குறைபாட்டையும் இயல்பையும் பிரித்தறிவது இங்கே முக்கியம், ஏனென்றால் சிறிய இடங்களில் குறையுள்ள சீசா அதிகம் எதிர்ப்படும். நனைந்த அட்டைப்பெட்டி நாற்றம் என்றால் தக்கையிலிருந்து வந்த டி.சி.ஏ. என்ற சேர்மம்; வேறு சீசா கேளுங்கள், மாற்றித் தருவார்கள். நகப்பூச்சு நீக்கி அல்லது வினிகர் வாடை, நொதித்தலின்போதோ சேமிப்பின்போதோ பாக்டீரியா புகுந்ததன் விளைவு. வெள்ளை ஒயின் பழுப்பேறி வாடிய ஆப்பிள் போல மணந்தால் காற்றுப் பட்டுவிட்டது. திறந்து நாளான சீசாவிலிருந்து ஊற்றுகிற இடங்களில் இது சாதாரணம், எப்போது திறந்தது என்று கேட்கலாம். தீக்குச்சி வாடை கிளாஸைச் சுழற்றினால் போய்விடும், பயப்பட வேண்டாம். வயதான ரீஸ்லிங்கில் மண்ணெண்ணெய் சாயல், கேபர்னே ஃபிராங்கில் குடைமிளகாய் சாயல் இரண்டும் இயல்பு. பின்னது தூக்கலாக இருந்தால் பழம் முழுதாகப் பழுக்கவில்லை, அந்த ஆண்டின் வெயிலைப் பற்றிக் கேளுங்கள்.

இனிப்பு ஒயினைச் சிறுமைப்படுத்திப் பேசுவது வேண்டாம். இந்த மாநிலங்களின் பல ஒயினரிகளை உயிரோடு வைத்திருப்பது கான்கார்டும் பழ ஒயினும் தரும் வருமானம்தான். அதிலிருந்துதான் ரீஸ்லிங் சோதனைகளுக்குப் பணம் வருகிறது.

ஏழாம் படி: வாங்குவதும் கொண்டுவருவதும்

பிடித்ததில் இரண்டு வாங்குங்கள், ஒன்று இப்போதைக்கு, ஒன்று மூன்று ஆண்டு கழித்து. ஃபிங்கர் லேக்ஸின் நல்ல இனிப்பில்லாத ரீஸ்லிங் ஐந்து ஆண்டுக்கு மேல் எளிதாகத் தாங்கும். பிளாங் டு புவா, டிராமினெட் போன்றவற்றை வைத்திருக்காமல் ஓரிரு ஆண்டில் குடித்துவிடுங்கள், மணமே அவற்றின் பலம்.

கோடையில் மூடிய காருக்குள் வெப்பம் 50 டிகிரி செல்சியஸைத் தாண்டும். ஒயின் விரிந்து தக்கையைத் தள்ளும், பழ மணம் வெந்துபோகும், ஒரே பிற்பகல் போதும். காரின் பின்பெட்டியில் தெர்மாகோல் பெட்டியும் ஐஸ் பொதியும் வைத்துக்கொண்டு கிளம்புங்கள்.

அஞ்சலில் வரவழைக்கலாமா என்பது நீங்கள் வசிக்கும் மாநிலத்தைப் பொறுத்தது. உள்ளூர் ஒயினரிக்கு அனுமதித்துவிட்டு வெளிமாநில ஒயினரியைத் தடுப்பது செல்லாது என்று 2005இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகு பெரும்பாலான மாநிலங்கள் திறந்துவிட்டன; ஆனால் ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒயினரி தனித்தனி உரிமம் எடுக்க வேண்டும், சின்ன ஒயினரிகள் எல்லா மாநிலத்துக்கும் எடுப்பதில்லை. வாங்கும் முன் கேட்டுவிடுங்கள். தபால் துறை மது அனுப்பாது. தனியார் கூரியர் கொண்டுவரும்போது 21 வயதான ஒருவர் கையெழுத்திட வேண்டும், எனவே அலுவலக முகவரி வசதி. ஜூன் முதல் செப்டம்பர் வரை அனுப்ப வேண்டாம் என்று சொல்லி, அக்டோபருக்குத் தள்ளச் சொல்லுங்கள்.

விமானத்தில் என்றால் 12 சீசா பிடிக்கும் அட்டைப்பெட்டி ஏறக்குறைய 18 கிலோ வரும், 23 கிலோ வரம்புக்குள் ஒரு பையாகப் பதிவு செய்யலாம். 24 சதவீதத்துக்குக் குறைந்த ஆல்கஹாலுக்கு அமெரிக்க விமானப் பாதுகாப்பு விதியில் அளவு வரம்பு இல்லை. இந்தியாவுக்குக் கொண்டுவந்தால் சுங்கவரியில்லாமல் ஆளுக்கு 2 லிட்டர். அதாவது 750 மில்லி சீசா இரண்டு. மூன்றாவது வைத்தால் 2.25 லிட்டராகி வரி கேட்பார்கள். வந்து சேர்ந்த சீசாக்களை ஒரு வாரம் அசையாமல் படுக்க வையுங்கள், 13 டிகிரிக்கு அருகில், இருட்டில். சமையலறை அலமாரியும் ஃபிரிட்ஜின் மேல்தளமும் இதற்கு ஆகாது.